நின்றுபோன சரக்குக்கு நிற்காத கிராக்கி

ஒரு கம்பெனி ஒரு சரக்கை நிறுத்திவிட்டால் நம் கடைகளில் என்ன நடக்கும்? விற்பனைப் பிரதிநிதி வந்து சொல்லிவிட்டுப் போவார். மிச்சம் இருப்பதை விலை குறைத்துத் தள்ளுவோம். அப்படியும் போகாததைப் பரண்மேல் ஏற்றிவிட்டு மறந்துவிடுவோம். தயாரிப்பு நின்ற நாளிலிருந்துதான் மதிப்பு ஏறத் தொடங்கும் சரக்கு ஒன்று உண்டு என்றால் வணிக அன்பர்கள் நம்புவது கடினம். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரைச் சுற்றி வளர்ந்த ஒரு வியாபாரம் அத்தகையது. சரக்கு என்னவோ கட்டைவிரல் உயரமுள்ள உலோகப் பொம்மைதான்!

இவை கொலுவில் வைக்கும் பொம்மைகள் அல்ல. கற்பனைப் போர் விளையாட்டுக்கானவை. இருவர் ஒரு பெரிய மேசையில் எதிரெதிரே படைகளை அணிவகுத்து, அங்குல டேப்பால் தூரம் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி வெற்றி தோல்வி பார்ப்பார்கள். படையில் குள்ளர்கள், பச்சைத்தோல் அரக்கர்கள், காப்ளின் எனும் குட்டிச்சாத்தான்கள், பறவைநாகங்கள் என்று கதைகளில் வரும் அத்தனை பேரும் உண்டு. ஆடுபவரே பொம்மையை வாங்கி, ஒட்டி, வர்ணம் பூசிக்கொள்ள வேண்டும். ஒரு படைக்குப் பல டஜன் பொம்மைகள் தேவை. பொம்மை வாங்கியவர் பசைக்கும், வர்ணத்துக்கும், தூரிகைக்கும் அதே கடைக்குத் திரும்பி வருவார். தீப்பெட்டி வாங்க வந்தவர் எண்ணெயும் வாங்கிப் போகும் கணக்குத்தான் இது.

1975இல் லண்டனில் ஜான் பீக், இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன் என்ற மூன்று நண்பர்கள் 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்' என்ற பெயரில் தொழில் தொடங்கினர். பீக் கையால் மரப்பலகை விளையாட்டுகள் செய்வார். மற்ற இருவரும் விற்பார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டின் ஐரோப்பிய விநியோக உரிமை கைக்கு வந்ததும் வியாபாரத்தின் போக்கே மாறிவிட்டது. 1977இல் 'ஒயிட் டுவார்ஃப்' என்ற சொந்தப் பத்திரிகை, 1978இல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் முதல் கடை என்று வளர்ந்தார்கள். 1979இல் பிரையன் ஆன்செல் என்பவருடன் சேர்ந்து, நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்து நியூவார்க் ஊரில் 'சிட்டாடல் மினியேச்சர்ஸ்' என்ற வார்ப்பாலையைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சின்சினாட்டி நகரின் 'ரால் பார்த்தா', பென்சில்வேனியாவின் 'கிரெனடியர்' போன்ற கம்பெனிகளும் இதே சரக்கில் இறங்கியிருந்தன.

இந்த இடத்தில் ஒரு வியாபாரத் தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். 'டஞ்சன்ஸ்' விளையாட்டில் ஒருவருக்கு ஒரு பொம்மை போதும். நாலு பேர் ஆடினால் நாலு பொம்மை, எதிரிகளாகக் கொஞ்சம், அவ்வளவே. வார்ப்பாலை ஓட அது போதுமா? ஆகவே 1983இல் ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகியோருடன் ஆன்செல் 'வார்ஹேமர்' என்ற விளையாட்டை வெளியிட்டார். இதில் ஆளுக்கு ஒரு படையே வேண்டும். பொம்மை விற்பதற்காகவே விதிப்புத்தகம் எழுதினார்கள் என்று சொன்னால் தவறில்லை. 1987இல் எதிர்கால உலகத்தை வைத்து 'வார்ஹேமர் 40,000' வந்தது. அந்த ஆண்டு 30 பிளாஸ்டிக் வீரர்கள் கொண்ட பெட்டி ஒன்றை 9 பவுண்டு 99 பென்சுக்கு விற்றார்கள். அந்தப் பெட்டி பிரிக்கப்படாமல் கிடைத்தால் இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். கம்பெனியும் சாதாரணமாக நின்றுவிடவில்லை. 1994இல் பங்குச்சந்தைக்கு வந்து, 2024 டிசம்பரில் லண்டன் சந்தையின் முதல் 100 கம்பெனிகளின் பட்டியலில் இடம் பிடித்தது.

ஏன் நிறுத்துகிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ளத் தயாரிப்பு முறை தெரிய வேண்டும். சிற்பி ஒருவர் இரண்டு நிறப் பசைகளைப் பிசைந்து, கம்பி எலும்புக்கூட்டின்மேல் மூல உருவத்தைச் செய்கிறார். அதை ரப்பர் வட்டுகளுக்கு இடையில் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்செடுப்பார்கள். மூல உருவம் பெரும்பாலும் அதிலேயே சேதமாகிவிடும். முதல் அச்சிலிருந்து வார்த்த பொம்மைகளைக் கொண்டு விற்பனைக்கான அச்சுகள் தயாராகும். அச்சை வேகமாகச் சுழற்றி, நடுவில் உருக்கிய உலோகத்தை ஊற்றினால், சுழலும் விசையில் அது விரல் நுனி வரை பாயும். ரப்பர் அச்சுக்குச் செலவு குறைவு. ஆகவே நூற்றுக்கணக்கான உருவங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்து விற்க முடிந்தது. ஆனால் ரப்பர் சூட்டில் தேயும், கிழியும். புதிய அச்சு எடுக்கும் அளவுக்கு அந்த உருவம் விற்கிறதா என்று கணக்குப் பார்ப்பார்கள். இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. 1980களின் நடுவில் சிட்டாடல், டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதைமாந்தர்களை உரிமம் பெற்று வார்த்தது. உரிமக் காலம் முடிந்ததும் அச்சு நன்றாக இருந்தாலும் வார்க்கக் கூடாது. 1990களில் ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய கவலை எழுந்து, ஈயம் கலந்த உலோகத்தைக் கைவிட்டு, வெள்ளீயம் மிகுந்த கலவைக்கு ஒவ்வொரு கம்பெனியாக மாறின. ரால் பார்த்தா 1993இல் மாறியது. பழைய சரக்கு ஈயம், புதியது ஈயமில்லாதது என்று அப்போதே ஒரு கோடு விழுந்தது. 2011இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் தன் உலோக உருவங்கள் பலவற்றை ரெசின் எனும் பிசின் வார்ப்புக்கு மாற்றியது. அதன்பின் பிளாஸ்டிக்கே முதலிடம் பெற்றது. பிளாஸ்டிக்குக்கு எஃகு அச்சு வேண்டும், முதலீடு அதிகம். பல்லாயிரக்கணக்கில் ஓடும் உருவத்துக்குத்தான் அது கட்டும். ஓரமாக விற்றுக்கொண்டிருந்த வினோத உருவங்களுக்கு அங்கே இடமில்லை.

கதையை மாற்றியதால் போன சரக்கும் உண்டு. 'ஸ்குவாட்' என்ற விண்வெளிக் குள்ளர் படையை 1990களின் நடுவில் கம்பெனி அடியோடு கைவிட்டது. அந்த இனத்துக்குப் பொருத்தமான தோற்றத்தைத் தங்களால் கொடுக்க முடியவில்லை என்று வடிவமைப்பாளர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். காசு கொடுத்துப் படை சேர்த்திருந்த வாடிக்கையாளர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்!

சேகரிப்பவர் என்ன பார்க்கிறார்?

முதலில் பொம்மையின் காலடி. 1980களின் தொடக்கத்தில் பீடமும் பொம்மையும் ஒரே வார்ப்பாக வந்தன. பிறகு காலுக்குக் கீழே ஒரு தட்டையான பட்டை வைத்து, அதைத் தனிப் பிளாஸ்டிக் பீடத்தின் பள்ளத்தில் செருகும் முறை வந்தது. அந்தப் பட்டையில் கம்பெனியின் பெயர், ஆண்டு, பல வேளைகளில் உருவத்தின் பெயர் ஆகியவை பொடி எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். மூட்டையின் சீட்டைப் பார்த்து அரிசியின் ஆலையைச் சொல்கிற மாதிரி, இந்தப் பட்டையைப் பார்த்துச் சரக்கின் வயதைச் சொல்லிவிடுவார்கள். அடுத்தது சிற்பியின் கைவண்ணம். மைக்கேல், ஆலன் பெரி என்ற இரட்டையர், ஜெஸ் குட்வின், காப்ளின்களுக்குப் பேர்போன கெவ் ஆடம்ஸ், அமெரிக்காவின் டாம் மையர் ஆகியோர் செய்தவற்றுக்கு ரசிகர்கள் தனியே இருக்கிறார்கள்.

மூன்றாவது முழுமை. கேடயம், ஈட்டி, தனியாக ஒட்டும் கை ஆகியவைதான் முதலில் தொலையும். பெரிய பறவைநாகப் பெட்டியில் ஒரு சிறகு குறைந்தால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். 1990களில் கம்பெனியின் தபால் விற்பனைப் பிரிவு, பட்டியலைப் பார்த்துக் கை, தலை என்று உதிரிப் பாகத்தைக்கூடத் தனியாக அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வசதி நின்றபிறகு, ஒரு சிறகுக்காக உடைந்த இன்னொரு பொம்மையையே வாங்குகிறார்கள். அட்டையும் பிளாஸ்டிக் குமிழும் பிரியாமல், பழைய விலைச் சீட்டோடு இருக்கும் பாக்கெட்டுக்குத்தான் எல்லாவற்றிலும் மேலான மரியாதை. 1980களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டுகூடப் பெறாத சில அரிய உருவங்கள் இன்று நூற்றுக்கணக்கான பவுண்டுக்குக் கைமாறுகின்றன. எல்லாமே அப்படி என்று எண்ணிவிடக் கூடாது. லட்சக்கணக்கில் விற்ற சாதாரணப் படைவீரன் பழையவன் ஆனாலும் மலிவுதான்.

நம் மளிகை அன்பர்கள் ரசிக்கக்கூடிய ஒரு செய்தி. யாரோ சிறுவன் அப்பிய வர்ணத்தை உரித்தெடுக்க, பிரிட்டனின் சேகரிப்பாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துவது டெட்டால்! பொம்மையை டெட்டாலில் ஒரு நாள் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பழைய வர்ணம் கழன்றுவிடும். தேய்க்கும்போதும் டெட்டாலையே தொட்டுக்கொள்ள வேண்டும். பாதியில் தண்ணீர் பட்டால் கழன்ற வர்ணம் கோந்துபோல் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கையுறை அவசியம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் உலோகத்துக்கு ஏற்றது. பிளாஸ்டிக் பொம்மையை அதில் போட்டால் உருகிவிடும்.

இருப்பு வைப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பழைய ஈயப் பொம்மையை மரப்பெட்டியில், அதிலும் ஓக் மர அலமாரியில், காற்றுப் புகாமல் பூட்டி வைத்தால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து, மேலே வெள்ளைப் பொடி பூக்கச் செய்யும். மட்ட ரக அட்டைப்பெட்டியும் இதே வேலையைச் செய்யும். ஈரமில்லாத, காற்றோட்டமான இடமே பாதுகாப்பு. அந்தப் பொடி நஞ்சு. ஊதவோ, கையால் துடைக்கவோ கூடாது. குழந்தைகள் கையில் ஈயப் பொம்மையைக் கொடுக்கவே கூடாது.

விலை ஏறும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? அசல் பொம்மையிலிருந்தே அச்செடுத்து வார்த்துவிடுகிறார்கள். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி ஓர் இழை சிறியதாக இருக்கும். முகத்தின் கூர்மை மழுங்கும். பட்டையின் எழுத்து கலங்கும். பக்கத்தில் அசலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே படம் பார்த்துப் பணம் அனுப்புபவர் ஏமாறுகிறார். முன்பெல்லாம் விளையாட்டுக் கண்காட்சிகளில் பழைய சரக்குக்கென்று ஒரு மேசை போட்டு நேரில் கைமாற்றுவார்கள். 1990களின் இறுதியில் இணைய ஏலம் வந்தபின் யாரிடம் என்ன இருக்கிறது, என்ன விலைக்குப் போகிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, போலிக்காரனுக்கும் தெரிந்துவிட்டது.

இன்னொரு ஆபத்து, அசல் கம்பெனியே திரும்ப வருவது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் அவ்வப்போது சில நாட்கள் மட்டும் ஆர்டர் வாங்கி, பழைய உருவங்களைப் புதிதாக வார்த்துக் கொடுக்கிறது. 2015இல் பழைய வார்ஹேமர் உலகத்தையே முடித்துவைத்த அதே கம்பெனி, 2024இல் 'தி ஓல்டு வேர்ல்டு' என்ற பெயரில் அதைத் திறந்து, பழைய உலோக உருவங்கள் சிலவற்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்குவாட் குள்ளர்கள் 2022இல் வேறு பெயரில், புதிய பிளாஸ்டிக் உருவத்தில் திரும்பினார்கள். கிரெனடியர் 1996இல் மூடப்பட்டாலும் அதன் உருவங்கள் பல இத்தாலியின் 'மிர்லிட்டன்' கம்பெனியில் இன்றும் வார்க்கப்படுகின்றன. விளையாட மட்டும் விரும்புபவருக்கு இது கொண்டாட்டம். விலை ஏறும் என்று பதுக்கியவருக்குத் திண்டாட்டம். பொம்மையைப் பிடித்துப்போய் வாங்குபவர் எந்த நிலையிலும் நஷ்டப்படுவதில்லை. முதலீடு என்று வாங்குபவர் ஒரு கம்பெனியின் ஒரு அறிவிப்பில் தன் முதலை வைத்திருக்கிறார் என்பதே நமது கணிப்பு.

1980களில் சிறுவர்களாக இந்தப் பொம்மைகளை வாங்கியவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் ஒருவர் காலமானால், பெட்டி பெட்டியாக இருக்கும் சரக்கின் மதிப்பு வீட்டாருக்குத் தெரிவதில்லை. பழைய பொம்மைதானே என்று மொத்தமாக எடைபோட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குபவருக்கோ அதில் எந்த ஒன்று மொத்த விலையையும் ஈடுகட்டும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் சொல்லாமல் வாங்குவது சரியா என்ற வாதம் சேகரிப்பாளர்களிடையே ஓய்ந்தபாடில்லை. விதவையின் வீட்டுப் பாத்திரத்தை எடைக்கு எடுப்பவரைப் பற்றி நம் கடைத்தெருவில் என்ன பேசுவோமோ, அதையே அவர்களும் பேசுகிறார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் அத்தகைய குடும்பங்களுக்குச் சொல்வது இதுதான்: எதையும் கழுவாதீர்கள், புதிதாக வர்ணம் பூசாதீர்கள். அட்டைப் பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் தனியே வையுங்கள். உதிர்ந்து கிடக்கும் கேடயங்களையும் கைகளையும் குப்பை என்று கொட்டிவிடாமல் ஒரு டப்பாவில் போடுங்கள். காலடிப் பட்டையின் எழுத்து தெரியும்படி படம் எடுத்து, குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேட்டபிறகு முதல் பெட்டியை வெளியே கொடுங்கள்.