ஒளிப்பதிவாளரை அமர்த்தும் முறை

வீடு கட்டுவிக்கப் புகுவோன் கொத்தனாரோடு கூலி பேசுகின்றான். செங்கல் எத்தகையது, மணல் எவ்வளவு, வேலை எத்தனை நாளில் முடியும் என்றெல்லாம் வினவுகின்றான். நகை செய்விக்கப் புகுவோள் தட்டாரிடம் பொன்னை நிறுத்துக் கொடுக்கின்றாள். நகையை வாங்குங்கால் மீந்த பொன்னையும் நிறுத்து வாங்கிக்கொள்கின்றாள். ஆயின் வீடியோ எடுப்பவரை அமர்த்துங்கால் மட்டும் நாம், “நன்றாக எடுத்துக் கொடுங்கள்” என்னும் ஒரு சொல்லோடு அமைந்துவிடுகின்றோம். அவ்வொரு சொல்லோடு நின்றமையால் எம் குடும்பத்திற்கு நேர்ந்த இழப்பு ஒன்றை முன்னிட்டு, இத்தொழிலாளரை அமர்த்தும் முறையினைப் பற்றி யான் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன். கல்லூரி விழாக்களையும் மன்ற நிகழ்ச்சிகளையும் பதிவு செய்விக்கும் நண்பர்களுக்கு இது பயன்படலாம்.

எம் ஊர் ஆவடியை அடுத்த கோவில்பதாகை. ஏரியாலும் சுந்தரராசப் பெருமாள் கோயிலாலும் அறியப்படும் அவ்வூர், இந்நாளில் ஆவடி மாநகராட்சியுள் அடங்கியது. என் தந்தையாரைப் பெற்ற பாட்டியார் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் நிரம்ப அறிந்தவர். தமிழ் வகுப்பில் நாட்டார் பாடல்களைப் பற்றிக் கேட்ட நாள்முதல் அவற்றைப் பதிந்துவைக்க வேண்டும் என்னும் விருப்பம் எனக்கு உண்டாயிற்று. சித்தப்பா பொருளுதவி செய்தார். அண்மையில் வாழும் ஒருவரை ஒரு நாள் ஊதியத்திற்கு அமர்த்தினோம். அவர் எந்நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறாது, அழைத்தவர்க்குச் சென்று படமெடுத்துக் கொடுத்து வாழ்பவர். ஊரார் வீடியோக்காரர் என்பர். தொழில் உலகினர் ஃப்ரீலான்ஸ் ஒளிப்பதிவாளர் என்பர்.

பாட்டியார் திண்ணையில் அமர்ந்து மூன்று மணி நேரம் பாடினார். ஒரு திங்களில் 12 நிமிடப் படம் ஒன்று எம் கைக்கு வந்தது. காட்சிகள் கண்ணுக்கினியவாயிருந்தன, வீட்டார் யாவரும் மகிழ்ந்தனர். ஐந்து திங்கள் சென்றபின் பாட்டியார் மறைந்தார். துயரம் சற்றுத் தணிந்தபின் எஞ்சிய பதிவு முழுவதையும் வாங்கி, பாடல்களை எழுதிவைக்கக் கருதி அவரிடம் சென்றேன். “படம் கொடுத்து மூன்று மாதம் ஆனால் கார்டை அழித்துவிடுவேன், தம்பி. எல்லாம் வேண்டும் என்று அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். அவர் கூற்றில் பொய்யில்லை, அவர்மேற் குற்றமுமில்லை. யாம் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்துள் இரண்டு மணி 48 நிமிடம் போயிற்று. எஞ்சிய 12 நிமிடத்தில் ஒரு பாடலேனும் முதலும் முடிவும் உடையதாய் இல்லை. ஒவ்வொன்றும் அழகு கருதி நறுக்கப்பெற்றிருந்தது.

எடுத்த படம் பிற்காலத்தில் எங்கே இருக்கும் என்பது சிறு வினாவன்று. 1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த கோட்டையூர் ஏ.கே. செட்டியார், காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்க எண்ணங்கொண்டார். அவர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிழற்படக் கலை பயின்றவர். கழிந்துபோன நிகழ்ச்சிகளை மீண்டும் எடுத்தல் இயலாதாகலின், பல நாடுகளில் பலர் எடுத்துவைத்திருந்த படத்துண்டுகளைத் தேடி ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் அலைந்தார். முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு ஒளிப்பதிவாளர் எடுத்தவை சேர்ந்து 50,000 அடியாயின. வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்களுக்குத் தனித்து நின்று படமெடுத்து அனுப்பிவந்த டாக்டர் பி.வி. பதியின் துணையையும் அவர் கொண்டார். 1940-ஆம் ஆண்டில் அப்படம் தமிழ் விளக்கவுரையோடு வெளிவந்தது. யாரோ எங்கோ அழியாது வைத்திருந்த துண்டுகளால் அப்படம் பிறந்தது. ஆயின் பிற்காலத்தில் அதன் பிரதியே கிடைத்தற்கரியதாயிற்று. 1953-இல் வெளிவந்த ஆங்கில வடிவம், பல்லாண்டுகட்குப் பின்னரே அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிற் கண்டெடுக்கப்பெற்றது. பெரியோர் படத்திற்கே இந்நிலையெனின், கோவில்பதாகைத் திண்ணையில் ஒரு கிழவி பாடிய பாட்டிற்கு என்ன காவல் உண்டு? காவல் வேண்டுமாயின் நாமே அதனை முன்னதாக அமைத்துக்கொள்ளல் வேண்டும். அம்முறையை இனிக் கூறுவேன்.

முதலாவது, ஆளைத் தெரிதல். ஒளிப்பதிவாளர் தம் வேலையிற் சிறந்த துணுக்குகளை ஒன்றாகக் கோத்து இரண்டு நிமிடப் படமாகக் காட்டுவர். அது மாலையிற் பூவைக் காட்டுவது போல்வது, செடியைக் காட்டாது. நமக்கு வேண்டிய வேலையை ஒத்த வேலையொன்றை முழுமையாகக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். திருமணம் எடுப்பதிற் கைதேர்ந்தவர் சொற்பொழிவு எடுப்பதில் தேர்ந்தவராயிருத்தல் வேண்டுமென்பதில்லை. திருமணத்திற் காட்சி ஓடிக்கொண்டேயிருக்கும். சொற்பொழிவிலும் பாட்டிலும் ஒலியே உயிர். ஆகவே முன்னர் எடுத்த பதிவொன்றைக் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்பது நல்ல சோதனையாகும். அவர்பால் முன்னர் வேலை வாங்கிய ஒருவரை உசாவுதலும் தக்கது.

இரண்டாவது, வேலையைத் தெளிவுறக் கூறுதல். படம் யாருக்கு, எதற்கு, எவ்வளவு நீளம், எங்குக் காட்டப்பெறும் என்னும் நான்கினையும் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரங்கில் காட்டுவதற்குக் கிடைநிலைப் படம் வேண்டும். கைப்பேசியிற் பார்ப்பதற்கு நெடுநிலைப் படம் வேண்டும். ஒன்றை மற்றொன்றாகப் பின்னர் வெட்டினால் தலையோ தோளோ போய்விடும். இயலுமாயின் ஒரு நாள் முன்னரே அவரை இடத்திற்கு அழைத்துச் சென்று, வெயில் எப்பக்கத்தினின்று விழும், மின்விசிறியை நிறுத்தலாமா, தெருவோசை எந்நேரத்தில் அடங்கும் என்பவற்றைக் காட்டுதல் நன்று.

மூன்றாவது, கருவி. காமிராவின் பெயரைக் கேட்டு மயங்குதல் வேண்டா. சில வினாக்களைக் கேட்டாற் போதும். ஒலியைத் தனியே பதிய ஒலிவாங்கி உண்டா? ஒரு கார்டு பழுதானால் காக்க இரு கார்டுகளில் ஒருங்கே பதியுமா? குழல்விளக்கின் கீழ்ப் படம் மினுக்காது எடுப்பீரா? இவ்விறுதி வினாவின் காரணம் அறியத்தக்கது. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. நம் கண் அதனை உணராது, காமிரா உணரும். நொடிக்கு 25 சட்டங்களாக எடுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒளிபுகும் நேரத்தை நொடியில் 50-இல் ஒரு பங்காக வைத்தால் மினுக்கு பெரும்பாலும் தோன்றாது. இவ்வினாவிற்குத் தயங்காது விடை கூறுபவர் தொழில் அறிந்தவர் எனக் கொள்ளலாம்.

டிரோன் கொண்டு வானிலிருந்து எடுப்போம் என்று சிலர் முன்வருவர். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பகுத்துள்ளன. சிவப்பிற் பறக்கவிட நடுவண் அரசின் இசைவு வேண்டும். ஆவடி, கனரக வண்டித் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் உள்ள இடம். ஆதலின் எம்மூர் ஏரியை மேலிருந்து காண ஆசைப்படுவோர், அரசின் வரைபடத்தை முதலிற் பார்த்தல் வேண்டும். அதனைப் பாராது பறக்கவிடுவோம் என்பாரை அமர்த்தலாகாது.

நான்காவது, காலமும் ஊதியமும். ஒரு கால்ஷீட் எத்தனை மணி நேரம், அதற்கு மேற்பட்டால் மிகுதி என்ன, உதவியாளருக்குப் பேட்டா யார் கொடுப்பது, போக்குவரத்தும் உணவும் யார் பொறுப்பு, படத்தொகுப்பு இவ்வூதியத்துள் அடங்குமா, எத்தனை முறை திருத்தம் செய்து தருவார் என்பன முன்னரே பேசப்படல் வேண்டும். தனித்தொழிலாளர்க்கு மாதச் சம்பளம் இல்லை. நாம் ஒரு நாளைக் குறித்துப் பின் கைவிட்டால், அந்நாளுக்கு வந்த வேறு வேலையையும் அவர் இழந்திருப்பார். பலர் காமிராவையும் விளக்குகளையும் வடபழனி, சாலிகிராமம் முதலிய இடங்களில் வாடகைக்கு எடுத்து வருபவர். ஆகவே முன்பணம் கேட்பது பேராசையன்று. முன்பணம் இவ்வளவு, படப்பிடிப்பு நாளில் இவ்வளவு, படம் கைக்கு வந்தபின் இவ்வளவு என மூன்றாகப் பகுத்தல் இருவர்க்கும் நேரியது. உறவினர், ஊரார் என்று கூலியைக் குறைக்கக் கேட்பது, அவர் வீட்டு அரிசியைக் குறைக்கக் கேட்பதாகும்.

ஐந்தாவது, உரிமையும் மூலப்பதிவும். யாம் தவறியது இவ்விடத்திலேயே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பொருள் கொடுத்து ஒருவர் வேண்டுகோளால் எடுக்கப்பெறும் படத்திற்கு, வேறு உடன்பாடு இல்லாவிடத்து, வேண்டியவரே முதல் உரிமையாளர். எனவே பாட்டியாரின் பதிவில் உரிமை எம்முடையதே. ஆயின் உரிமை இருந்து பயனென்? பொருள் அழிந்துவிட்டது. மூலப்பதிவு முழுவதையும் தர வேண்டும், இத்தனை நாளுக்குள் தர வேண்டும், நாம் பெற்றோம் என்று சொல்லும் வரை அழித்தல் கூடாது என மூன்று வரி எழுதியிருந்தால் அது பிழைத்திருக்கும். இதற்குச் செலவும் பெரிதன்று. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுக்கும் படம் மணிக்கு 45 ஜிகாபைட் ஆகும். மூன்று மணிக்கு 135. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்கில் இவ்வளவிற்றாய் 22 மணி நேரப் பதிவு அடங்கும். அதனை நாமே வாங்கிச் சென்று, படப்பிடிப்பு முடிந்த மாலையே படியெடுத்துக்கொள்ளலாம். பின்னர் மற்றொரு படி எடுத்து வேறு வீட்டில் வைத்தல் இன்னும் நன்று. நம் படத்துண்டுகளை ஒளிப்பதிவாளர் தம் விளம்பரத்திற்குக் காட்டலாமா என்பதையும் அப்போதே முடிவு செய்தல் வேண்டும். படத்தில் தோன்றுவோர் தம் உருவம் பிறர்க்குக் காட்டப்படுவதற்கு இசைகின்றனரா என்பதை அவரிடமே கேட்டறிதலும் கடமையாகும்.

இவையனைத்தும் ஒரு தாளில் அடங்கும். நாள், இடம், மணி, ஊதியம், படத்தின் நீளம், மூலப்பதிவு, உரிமை என ஏழு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டாற் போதும். எழுதிக் கேட்பது நம்பிக்கையின்மையன்றோ எனச் சிலர் கருதுவர். அன்று. நினைவில் தங்காதவற்றைத் தாளில் தங்கவைக்கின்றோம், அவ்வளவே. தாள் இருந்தால் பிற்பாடு ஒருவரையொருவர் நோவதற்கு இடமில்லை.

இவ்வாண்டு பாட்டியாரின் தங்கை எம் வீட்டிற்கு வந்திருந்தபோது அவரையும் பாடச்சொல்லிப் பதிந்தோம். அதே ஒளிப்பதிவாளரையே அழைத்தோம். யான் நீட்டிய தாளை அவர் இருமுறை படித்தார், “இப்படி யாரும் எழுதிக் கேட்டதில்லை, தம்பி, இனி நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்” என்று கூறிக் கையொப்பமிட்டார். அன்று மாலை விளக்கேற்றும் வேளையில் இரண்டு மணி நேரப் பதிவு முழுவதும் எம் கையில் இருந்தது. சின்னப்பாட்டிக்குத் தாலாட்டு நான்கு தெரியும். நடவுப் பாட்டிற் சில அடிகளே நினைவிலுள்ளன. “மற்றதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும்” என்று அவர் சொல்வதும் அப்பதிவில் உள்ளது.

தட்டாரிடம் மீந்த பொன்னைக் கேட்டு வாங்க நம் வீட்டுப் பெண்டிர் வெட்குவதில்லை. எடுத்த படத்தில் எஞ்சியதைக் கேட்டு வாங்க நாமும் வெட்குதல் வேண்டா.