ஒரு நாள் முந்தியவருக்கு 3,170 ரூபாய்

அரசுப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் அதிகமா, குறைவா என்ற வாதம் தேநீர்க் கடை முதல் சட்டமன்றம் வரை நெடுங்காலமாக நடந்துவந்தாலும், 'ஆசிரியர் சம்பளம்' என்று ஒற்றைத் தொகை ஏதும் கிடையாது என்பதை அந்த வாதம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. உத்திரமேரூர் ஒன்றியம் போன்ற கிராமப்புறங்களில், ஐந்து வகுப்புகளையும் இருவரே பகிர்ந்து நடத்தும் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் அவ்விருவரின் படிப்பும் வேலையும் ஒன்றாகவே இருந்தாலும், பணியில் சேர்ந்த தேதி மாறினால் சம்பளமும் ஓய்வூதியமும் மாறிவிடுகின்றன.

இதன் கணக்கு எளியது. ஆறாவது ஊதியக் குழுவின்போது, முன்பே பணியில் இருந்த இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது தொடக்க வகுப்புகளை நடத்துபவருக்கு, பழைய அடிப்படை ஊதியமான 4,500 ரூபாய் 1.86 ஆல் பெருக்கப்பட்டு 8,370 ஆக நிர்ணயிக்கப்பட்டது. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கோ ஊதியக் கட்டின் அடிமட்டமான 5,200 ரூபாயே தரப்பட்டது. தர ஊதியம் 2,800 இருவருக்கும் பொது என்பதால் இடைவெளி 3,170 ரூபாய். ஏழாவது ஊதியக் குழு எல்லாவற்றையும் 2.57 ஆல் பெருக்கியபோது இந்த இடைவெளியும் சேர்ந்தே பெருகி 8,147 ஆனது. அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் அடிப்படை ஊதியத்தின் விழுக்காடாகவே கணக்கிடப்படுவதால், மே 31 அன்று சேர்ந்தவரை மறுநாள் சேர்ந்தவர் ஒருநாளும் எட்டிப்பிடிக்க முடியாது. சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இயங்கும் டி.பி.ஐ. வளாகத்தில் 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று ஆண்டுதோறும் எழும் முழக்கத்தின் வேர் இந்தப் பெருக்கல்தான்.

ஓய்வூதியத்தில் கோடு வேறோர் இடத்தில் விழுகிறது. 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவருக்கு, முழுப் பணிக்காலம் முடிந்தால் கடைசி ஊதியத்தில் பாதி மாதந்தோறும் வரும். பின் சேர்ந்தவர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில், அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காட்டைச் செலுத்தி, அரசின் சமபங்கோடு ஒரு மொத்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் பாதி ஊதியத்துக்கு உறுதி கூறினாலும், 10 விழுக்காட்டுப் பிடித்தத்தை விடவில்லை.

இவர்களுக்கெல்லாம் கீழே, ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 2012-இல் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் உள்ளனர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை; கோடை விடுமுறையான மே மாதத்துக்குப் பல ஆண்டுகளாகச் சம்பளமே தரப்படவில்லை; 2024-இல்தான் தொகை 12,500-ஐ எட்டியது. ஓய்வூதியம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

சேர்ந்த தேதியைக் கொண்டல்லாமல் பணியைக் கொண்டு ஊதியம் வகுத்த பழைய சான்று ஒன்று அருகிலேயே உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற, உத்திரமேரூருக்கு அயலிலுள்ள திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, கல்விச்சாலை ஆசிரியர்க்கும் ஆதுலசாலை என்னும் மருத்துவமனையின் பணியாளர்க்கும் உரிய நெல்லையும் காசையும் பணிவாரியாக வரையறுத்துள்ளது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அக்காலச் சமூக ஏற்றத்தாழ்வுகளை மறந்துவிட்டு அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனாலும் ஊதியத்தைப் பணியைக் கொண்டு அளக்கும் முறை இப்பகுதிக்குப் புதியதன்று என்பதை அது காட்டுகிறது.

தனியார் பள்ளிகளில் அரசுப் பள்ளிகளைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கற்பிப்போர் ஏராளம் என்ற வாதம் உண்மைதான். ஆயினும் அது அங்குள்ளவர்களின் சம்பளத்தை உயர்த்துவதற்கான காரணமாகுமே தவிர, அரசு தன் ஊழியர் இருவரை ஒரே வேலைக்கு இரு விலையில் வைத்திருப்பதற்கு நியாயமாகாது. நிதி நெருக்கடி என்னும் விடை ஓய்வூதியத்துக்கு ஓரளவு பொருந்தலாம். 2009-இன் இடைவெளிக்குப் பொருந்தாது, ஏனெனில் அது ஒரு பெருக்கல் வாய்பாட்டைப் ஒரு பகுதியினருக்கு மட்டும் போட்டதால் வந்தது, அதை அரசாணை ஒன்றால் திருத்திவிடலாம்.