ஸ்டேரிங் கனக்கிறதா? ரெக் மாற்றும் முன் இதைப் படியுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை மாலை கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்குப் பவர் ஸ்டேரிங்கின் அருமை தெரியும். இரண்டு கார்களுக்கு நடுவே கிடைக்கும் சின்ன இடத்தில், முன்னே பின்னே என்று நான்கைந்து முறை திருப்பி நிறுத்துகிறோம். அதையும் ஒரே கையால் செய்துவிடுகிறோம். அந்த ஸ்டேரிங் ஒரு நாள் கல்லாகக் கனத்தால்?

பட்டறைக்குப் போனால், "ரெக் போயிடுச்சு, மாத்தணும்" என்ற பதில் வரலாம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கோளாறு அதைவிட மலிவான இடத்தில் ஒளிந்திருக்கவும் கூடும். அதைத் தெரிந்துகொள்ள நாம் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஸ்டேரிங் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் புரிந்தாலே போதும்.

எண்ணெயா, மின்சாரமா?

ரெக் என்பது பல் வைத்த நீண்ட இரும்புத் தண்டு. நாம் ஸ்டேரிங்கைத் திருப்பினால் ஒரு சிறிய பல்சக்கரம் அந்தத் தண்டை இடம் வலமாக நகர்த்தும், முன்சக்கரங்கள் திரும்பும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவை நம் அப்பாக்கள் கை பலத்தால்தான் திருப்பினார்கள். பவர் ஸ்டேரிங் செய்வதெல்லாம் அந்தக் கைக்குத் துணை நிற்பதுதான்.

துணை இரண்டு வகை. முதலாவது ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தம். 1951-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் இதைக் கார்களில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டாவது மின்சார மோட்டார். 2005-இல் வந்த பெரோடுவா மைவியும் 2014-இல் வந்த புரோட்டோன் ஈரிஸும் இந்த ரகம். 2016-இல் வந்த மூன்றாம் தலைமுறை சாகாவோ எண்ணெய் ரகம். உங்கள் கார் எது என்பதைக் கையேட்டில் பாருங்கள். பானெட்டுக்குள் ஸ்டேரிங் எண்ணெய்க் குப்பி இருந்தால் அது ஹைட்ராலிக்.

எண்ணெய் ரகத்தில் என்ன கெடும்?

என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட், பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை அழுத்தி ரெக்குக்குள் தள்ளுகிறது. முழுப் பலத்தில் அந்த அழுத்தம் நம் டயர் காற்றழுத்தத்தைப் போல் முப்பது மடங்கைத் தாண்டும். ஆகவே ரப்பர் குழாயும் சீலும் நாளடைவில் தளர்ந்து கசிவது வழக்கம்.

திருப்பும்போது "ஊ..." என்று ஊளைச் சத்தம் வந்தால் எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது அதில் காற்று கலந்திருக்கலாம். "கீச்" என்றால் பெல்ட்டைப் பாருங்கள். எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. அடிக்கடி எண்ணெய் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஊற்றிக்கொண்டே இருப்பது பழுதுபார்ப்பது ஆகாது. கையேட்டில் சொன்ன எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள், சீல் கெட்டுவிடும். ஸ்டேரிங்கை ஒரு பக்கமாகக் கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்திருக்கவும் வேண்டாம். எண்ணெய் சூடேறிப் பம்ப் தேயும்.

வானொலியில் காலை நிகழ்ச்சி என்பதால் விடியற்காலை நாலரைக்கே கிள்ளானிலிருந்து கிளம்புபவள் நான். சென்ற ஆண்டு, மழை பெய்தால் மட்டும் என் காரின் ஸ்டேரிங் கனக்க ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் ரெக் மாற்ற 1,400 ரிங்கிட் கேட்டார்கள். "எங்கே கசியுது, காட்டுங்க" என்றேன். காட்ட எதுவும் இல்லை. பிறகு கிள்ளானில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன்.

"மொதல்ல டயர்ல காத்தப் பாரும்மா. அப்புறம் பெல்ட்டு, அப்புறம் எண்ணெய். ரெக்கு கடைசிலதான்," என்றார்.

"அப்ப மழையில மட்டும் ஏன் அங்கிள் கனக்குது?"

"பெல்ட்டு தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சும்மா. தண்ணி பட்டா வழுக்குது. பம்பு சுத்தல."

புது பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 90 ரிங்கிட். பிரச்சினை தீர்ந்தது. அவர் சொன்ன வரிசையை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார ரகத்தில் முதலில் பேட்டரி

இதில் எண்ணெயும் இல்லை, பெல்ட்டும் இல்லை. நாம் எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்பதை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கேற்பக் கணினி மோட்டாரை இயக்குகிறது. கார் நிற்கும்போது திருப்பினால் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ பலவீனமாக இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். டேஷ்போர்டில் ஸ்டேரிங் விளக்கு எரியும். என்ஜின் நிற்கும்போது பேட்டரி சுமார் 12.6 வோல்ட்டும், ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட்டும் காட்ட வேண்டும். அதைச் சோதித்து, கணினியில் உள்ள பிழைக் குறியீட்டையும் படித்த பிறகுதான் மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். குறுகிய இடத்தில் திரும்பத் திரும்பத் திருப்பினால் மோட்டார் சூடாகி, தற்காப்புக்காகத் துணையைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. சற்று ஆறவிட்டால் சரியாகிவிடும்.

குழியில் இறங்கும்போது "கடக் கடக்" என்ற சத்தமா? டை ராட் முனை, ரெக் புஷ், ஸ்டேரிங் தண்டின் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கார் ஒரு பக்கமாக இழுத்தால் டயர் காற்றையும் அலைன்மெண்டையும் முதலில் பாருங்கள்.

வெள்ளம் பார்த்த கார்

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். பல சிறிய கார்களில் ஸ்டேரிங் மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியிலேயே இருக்கிறது. காருக்குள் தண்ணீர் ஏறினால் அதன் ஒயர் இணைப்புகள் பல மாதம் கழித்தும் துருப்பிடித்துத் தொல்லை தரும். பழைய கார் வாங்கும்போது கம்பளத்துக்கு அடியில் சேறும், இணைப்புகளில் பச்சைப் பூச்சும் இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஸ்டேரிங் விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

ஓடும்போது கனத்தால்

கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது பவர் போய்விட்டால் பதறாதீர்கள். இவ்வகைக் கார்களில் ஸ்டேரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. இரண்டு கையாலும் அழுத்தித் திருப்பினால் திரும்பும். வேகத்தைக் குறைத்து, சிக்னல் போட்டு ஓரம் கட்டுங்கள். கார் நிற்கும் வரை சாவியை எடுக்காதீர்கள், ஸ்டேரிங் பூட்டிக்கொள்ளும்.

பணம் கொடுக்கும் முன்

ரெக் மாற்றத்தான் வேண்டும் என்றால், கசிவையோ தேய்மானத்தையோ கண்ணால் பாருங்கள். புதியதா, ரீகண்டிஷனா, ஹாஃப்கட்டா என்று கேட்டு, விலையையும் உத்தரவாதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் அலைன்மெண்ட் கட்டாயம்.

அப்படியும் ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது மட்டும் கையில் இருக்கட்டும்.