உங்களுக்குத் தெரியுமா? கணினி முழுவதற்கும் ஒரே ஈக்வலைசர்

விஎல்சி பிளேயரில் ஈக்வலைசரை (பேஸ், ட்ரெபிள் போன்ற அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) எவ்வளவு திருகினாலும், அதில் ஓடும் பாட்டு மட்டும்தான் மாறும். யூடியூப், ஆன்லைன் வகுப்பு, கேம் எல்லாம் பழையபடியே கேட்கும். அத்தனை ஒலியும் ஸ்பீக்கருக்குப் போகுமுன் கடக்கிற வாசலில் ஈக்வலைசர் நிற்க வேண்டும்.

◆ விண்டோஸில், விஸ்டா காலத்திலிருந்தே அந்த வாசல் இருக்கிறது. அங்கே போய் உட்காரும் இலவச மென்பொருள்தான் ஈக்வலைசர் ஏபிஓ. இதன் அமைப்புகள் எல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். நோட்பேடில் ஓர் எண்ணை மாற்றி சேவ் செய்த மறுகணம், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டே மாறிவிடும்! எழுத அலுப்பாக இருந்தால் ஸ்லைடர்களோடு 'பீஸ்' என்ற துணைச் செயலி உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஏசியோ என்ற ஒலி இயக்கி வழியாகவோ, ஒலிச் சாதனத்தைத் தனக்கே எடுத்துக்கொள்ளும் 'எக்ஸ்க்ளூசிவ் மோடி'லோ ஒலிக்கும் செயலிகள் இந்த வாசலுக்கே வராது.

◆ இதே வேலைக்கு லினக்ஸில் ஈசிஎஃபெக்ட்ஸ். மேக்கில் ஈக்யூமேக், சவுண்ட்சோர்ஸ்.

◆ பேஸை ஏற்றியதும் ஒலி கரகரக்கிறதா? ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டும் அலையின் தலை வெட்டுப்படும். 6 டெசிபல் ஏற்றினால் அலையின் உயரம் ஏறக்குறைய இரட்டிப்பு. எந்த அதிர்வெண் பட்டையை அதிகபட்சமாக எவ்வளவு ஏற்றினீர்களோ, அவ்வளவு டெசிபலை ப்ரீஆம்பில் (மொத்த ஒலியளவை மாற்றும் அமைப்பில்) குறைத்துவிடுங்கள். ஏற்றுவதைவிட, துருத்திக்கொண்டிருப்பதை இறக்குவதே நல்ல வழி என்பேன்.

◆ ஆசிரியரின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், 250 ஹெர்ட்ஸ் பக்கம் 3 அல்லது 4 டெசிபல் இறக்கி, 3,000 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். மெய்யெழுத்துகள் பளிச்சென்று காதில் விழும். காது மந்தமான பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இந்த ஒரு மாற்றத்தையாவது அவசியம் முயன்று பார்க்க வேண்டும்.

◆ லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் 60 ஹெர்ட்ஸை ஏற்றிப் பயனில்லை. அவ்வளவு காற்றைத் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது. ஆனாலும் பேஸ் கித்தாரின் சுரம் நமக்குப் புரிந்துவிடுகிறது. எப்படி? அடிப்படை அதிர்வெண் வராவிட்டாலும், அதன் மடங்குகளைக் கேட்டே மூளை சுரத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

◆ சத்தத்தைக் குறைத்தால் பேஸ் முதலில் காணாமல்போகும். அது நம் காதின் இயல்பு. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே வழக்கமாக எந்த அளவில் கேட்பீர்களோ, அதே அளவில் வைத்து ஈக்வலைசரைச் சரிசெய்யுங்கள்.

◆ ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோஈக்யூ ஒரு வரம். ஆயிரக்கணக்கான மாடல்களை அளந்து எடுத்த திருத்தங்கள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மாடலைத் தேடி, ஃபைலை இறக்கி, ஏபிஓவில் சேர்த்தால் போதும். ஈக்வலைசரை அணைத்தும் போட்டும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்கட்டும். இல்லையென்றால் சத்தம் கூடியதையே காது நல்லது என்று சொல்லிவிடும்.