கெடு முடிந்தாலும் கதை முடியவில்லை!
மூளையை படம் பிடித்து பக்கவாத நோயாளிகளை காப்பாற்றும் டாக்டர்கள்

ராத்திரி 10 மணிக்கு சாப்பிட்டுவிட்டு படுத்தார். நன்றாகத்தான் பேசினார். காலை 6 மணிக்கு எழுப்பினால் வலது கையை தூக்க முடியவில்லை. வாய் கோணிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு வந்தது?"

"ராத்திரி நல்லாத்தான் இருந்தாருங்க!"

அப்படியானால் கணக்கு ராத்திரி 10 மணியில் இருந்துதான். 8 மணி நேரம் போய்விட்டது!

தூக்கத்தில் பக்கவாதம் வந்த பலருக்கு 2018-க்கு முன்பு இந்த ஒரு பதிலே தீர்ப்பாகிவிட்டது.

6 மணி கெடு

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதால் வருவது இந்த வகை பக்கவாதம். தொடையில் சிறு துளை போட்டு, மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி கட்டியை இழுத்து எடுக்கிறார்கள். இதனால் பலன் உண்டு என்று 2015-ல் உறுதியானது. ஆனால் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

சந்து வழி ரத்தம்

மெயின் ரோடு அடைபட்டால் வண்டிகள் சந்து வழியாகப் போவதில்லையா? மூளையிலும் அப்படித்தான். சிலருக்கு கிளைக் குழாய்கள் வழியாக கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பகுதி வேலை செய்யாது; ஆனால் சாகவும் இல்லை.

யாருக்கு அப்படி? கடிகாரம் சொல்லாது. ஸ்கேன் சொல்லும். செத்த பகுதி எவ்வளவு, தவிக்கும் பகுதி எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பிரித்துக் காட்டிவிடும்.

அமெரிக்காவில் 38 ஆஸ்பத்திரிகளில் 182 பேரிடம் இதை சோதித்தார்கள். பாதிப்பு தொடங்கி 6 முதல் 16 மணி நேரம் ஆனவர்கள். செத்த பகுதி 70 மில்லிக்கு குறைவாக இருக்க வேண்டும். ரத்தம் குறைந்த மொத்தப் பகுதி அதைப்போல் 1.8 மடங்காவது இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை மட்டுமே சேர்த்தார்கள்.

100-க்கு 45 பேர்

மருந்து மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 17 பேர்தான் 3 மாதத்தில் தங்கள் வேலையை தாங்களே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். கட்டியை எடுத்தவர்களில் 45 பேர்! சாவும் 26 சதவீதத்தில் இருந்து 14 ஆக குறைந்தது.

206 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் 24 மணி நேரம் வரை பலன் தெரிந்தது. 2018 ஜனவரியில் அமெரிக்க சிகிச்சை விதிகளே மாறின.

2023-ல் இன்னொரு திருப்பம். செத்த பகுதி பெரிதாக இருந்தவர்களில் கூட சிலர் இந்த சிகிச்சையால் தேறினார்கள்.

"அப்படின்னா மெதுவா போகலாமே?" என்று நினைத்தால் ஆபத்து! பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. சந்து வழி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குளறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.