கணினியின் நோயும் மருந்தும்

உடலும் உயிரும் போலக் கணினிக்கும் இரு கூறுகள் உள. கண்ணாற் காணவும் கையால் தொடவுங் கூடிய பொறிப்பகுதி ஒன்று. அதனை இயக்கும் கட்டளைத் தொகுதி மற்றொன்று. அக்கட்டளைத் தொகுதிகளுள் தலையாயது இயங்குதளம். விசையை அழுத்தியதும் வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு வந்து, திரை, விசைப்பலகை முதலிய உறுப்புக்களை ஒருங்கே ஆள்வதும், ஏனைய நிரல்களுக்கு இடமும் நேரமும் பகிர்ந்தளிப்பதும் இதன் தொழில். இது கெடின் உறுப்பெல்லாம் நலமாயிருந்தும் பயனில்லை. ஆயினும், கணினி நின்றபோதெல்லாம் இயங்குதளமே கெட்டதெனக் கொள்ளுதல் தவறாம். நோயையறிந்து, அதன் காரணத்தைத் தேடிய பின்னரே மருந்தளிக்க வேண்டுமென வள்ளுவர் கூறிய மருத்துவ முறை இப்பொறிக்கும் பொருந்தும். இதனை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்குவாம்.

எம்முடன் பயிலும் நண்பரொருவர், பூதப்பாண்டிப் பக்கத்து முதிய வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர் பாடிய கதைகளை ஒலிப்பதிவு செய்து, தம் மடிக்கணினியில் வைத்திருந்தார். அவற்றுட் பாதியைத் தட்டெழுத்திலும் பெயர்த்திருந்தார். அம்முதியவர் பின்னர்க் காலமாயினர். பதிவுகளுக்கு வேறு படியில்லை. ஐப்பசி மழை நாளொன்றில் அக்கணினி இயங்காதொழிந்தது. விசையை அழுத்தினால் ஒளி தோன்றும். சிறிது நேரம் வட்டம் சுழலும். உடனே தானே அணைந்து மீண்டும் தொடங்கும். அதனைப் பார்த்த பழுதுபார்ப்பார் ஒருவர், அனைத்தையும் அழித்துப் புதிதாய் நிறுவுவதே வழி என்றனர். நண்பர் மனங்கலங்கி எம்மிடங் கொணர்ந்தார்.

இத்தகைய நோய்க்குக் காரணம் நான்காகலாம்: மின்வரவு, நினைவகம், வன்தட்டு, இயங்குதளம். இவற்றை ஒவ்வொன்றாய் விலக்குதலே முறை. வேறொரு கணினியின் துணைகொண்டு, லினக்ஸ் இயங்குதளமொன்றை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தீண்டாமல் அதிலிருந்தே நண்பரின் கணினியைத் தொடங்கினோம். அது செவ்வனே இயங்கிற்று. எனவே திரையும் செயலியும் நலமுடையன என்பது தெளிவாயிற்று. நினைவகச் சோதனை நிரல் பிழையொன்றுங் காட்டவில்லை. வன்தட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் கணக்கிலும் பழுதில்லை. மின்கலமோ மின்னைத் தேக்கும் ஆற்றலை முற்றும் இழந்திருந்தது. இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபொழுது மழையால் மின்சாரம் நின்றதென நண்பர் கூறவே, காரணம் விளங்கிற்று. பாதி எழுதப்பெற்ற கோப்புக்களோடு அது முடங்கியிருந்தது. மின்கலத்தை மாற்றாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றுதல், நோய்முதலை விட்டு நோயைத் தணிப்பதாகும். ஆதலின் இரண்டையுஞ் செய்யத் துணிந்தோம்.

நிறுவுவதற்கு முன்னர்ச் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. நிறுவும்போது வன்தட்டிலுள்ளவை அழிக்கப்படுமாதலின், முதலில் அவற்றைக் காத்தல் வேண்டும். பென்டிரைவிலிருந்து இயங்கிய லினக்ஸின் வாயிலாக, பழைய வன்தட்டைப் ‘படிக்க மட்டும்’ என்னும் முறையில் திறந்து, ஒலிப்பதிவுகளையும் கோப்புக்களையும் வேறொரு வெளித்தட்டில் படியெடுத்தோம். படியெடுத்தலோடு அமையாது, ஒவ்வொன்றையும் திறந்து கேட்டும் பார்த்தும் உறுதிசெய்த பின்னரே அடுத்த செயலில் இறங்கினோம்.

இனி எவ்வியங்குதளம் தகும்? விண்டோஸ் 10-க்குரிய இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஓ புதிய செயலியையும் பாதுகாப்புச் சில்லையும் வேண்டுவது. 2015-இல் வாங்கிய அம்மடிக்கணினி அதற்கு ஏலாது. ஆகவே 1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் லினக்ஸ் வகையைத் தேர்ந்தோம். இதற்கு விலையில்லை, நிறுவும்போதே தமிழைத் தெரிந்துகொள்ளலாம். இதனை அடிப்படையாகக் கொண்டே சி-டாக் நிறுவனத்தார் இந்திய மொழிகளுக்கேற்ற ‘பாஸ்’ லினக்ஸை ஆக்கினர். நிறுவுங்கால் வன்தட்டை இரண்டாகப் பகுத்து, இயங்குதளத்தை ஒன்றிலும் நண்பரின் கோப்புக்களை மற்றொன்றிலும் வைத்தோம். பின்னொருகால் இயங்குதளம் கெடினும், அப்பகுதியை மட்டும் மாற்றினால் போதுமன்றோ?

நிறுவிய பின்னரும் ஓரிடர் நின்றது. நண்பர் தட்டெழுதிய பாடல்களைத் திறந்தால், ‘அம்மா’ என்னுமிடத்து எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என ஆங்கிலக் குறிகளே தோன்றின. கோப்புக் கெட்டதோவென அவர் அஞ்சினார். அஃதன்று. அவர் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அதில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமைந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலமே தெரியும். தமிழ் எழுத்துக்களுக்கெனத் தனி எண்களை வகுத்த யூனிகோடு 1991 முதல் உள்ளது. பாமினிக் கோப்புக்களை மாற்றி நிரலால் யூனிகோடாக்கிப் பாடல்களை மீட்டோம். இனித் தட்டெழுதுவதற்கு, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பரிந்துரைக்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்துக்கொடுத்தோம்.

அன்பர்களே, பழைய ஏட்டுச்சுவடிகள் நம் காலம்வரை வந்தது ஓலையின் வன்மையாலன்று. செல்லரிக்குமுன் எவரோ ஒருவர் மற்றோர் ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தமையாலேயாம். வன்தட்டும் ஓலையினும் வலிதன்று. அரியவற்றை இரண்டு தட்டுக்களில் வைமின். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் இருப்பதாகுக. யாவரும் திறக்கக்கூடிய பொது எழுத்துமுறையில் எழுதிவைமின். கணினி கெடுதல் இயல்பு. அதனை மீட்டும் நிறுவிக்கொள்ளலாம். மறைந்துபோன ஒரு குரலை மட்டும் மீட்டும் நிறுவ எப்பொறியாலும் இயலாது.