டீச்சருக்கு என்ன பாஷை தெரியும்?

"நாஷ்டா துன்னுட்டு வந்தேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு பெஞ்ச் மேல் ஏறி நின்ற ராயபுரத்து ஆசாமிகள் என் ஆபீஸிலேயே மூன்று பேர். நாஷ்டா உருதிலிருந்து வந்தது, டப்பு தெலுங்கிலிருந்து வந்தது. துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த பாஷைக்கு நாலு ஊர் வாசனை இருக்கத்தானே செய்யும்? பாடப் புத்தகத்துக்கு மட்டும் அது ஆகாது.

நமக்காவது பெஞ்சோடு போச்சு. கூடலூர் பக்கம் பணியர் வீட்டுப் பையனை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பணிய பாஷை, கடைத்தெருவில் மலையாளம், ஸ்கூலில் தமிழ். டீச்சர் கேட்பதே புரியாமல் பேந்தப் பேந்த விழிப்பான். 'மக்கு' என்று பெயர் வாங்குவான். கொஞ்ச நாளில் ஸ்கூல் பக்கமே தலை காட்ட மாட்டான்.

ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யுங்கள் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு. 1956-லேயே சேர்த்தது. வசதி என்றால் புத்தகம் மட்டும்தானா? அந்தப் பாஷை பேசுகிற டீச்சர் வேண்டாமா சார்?

கூடலூர் வித்யோதயா பள்ளியில் 1990-களிலேயே ஆதிவாசி இளைஞர்களை டீச்சர்களாகப் பழக்க ஆரம்பித்தார்கள். ஒடிசா அரசு 2007-ல் பத்து பழங்குடி மொழிகளில் ஆரம்ப வகுப்புகளைத் தொடங்கியது.

இதற்கெல்லாம் முன்னாலேயே, 1988-ல், பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரில் அமேசான் பழங்குடிகளின் அமைப்பே ஓர் அரசு ஆசிரியர் கல்லூரியோடு கைகோத்து இரு மொழி ஆசிரியர் படிப்பைத் தொடங்கிவிட்டது. மாணவர்கள் கொஞ்ச நாள் கல்லூரியில், கொஞ்ச நாள் சொந்த கிராமத்தில் படிக்கிறார்கள். காடும் ஆறும் பாடம். ஊர்ப் பெரியவர்களும் அங்கே வாத்தியார்கள்! நம்ம எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவியே இறால் பிடிக்கிற இருளர் தாத்தாவுக்கு எந்தக் காலேஜில் லெக்சரர் போஸ்ட் தருவார்கள், சொல்லுங்கள்?

சிக்கல் சர்ட்டிபிகேட்டில் இருக்கிறது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்க டிப்ளமாவோ பி.எட்.டோ வேண்டும், தகுதித் தேர்வும் பாஸாக வேண்டும் என்றாகிவிட்டது. தரம் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பணிய பாஷை தெரிந்த பெண்ணிடம் சர்ட்டிபிகேட் இருக்காது. சர்ட்டிபிகேட் வைத்திருப்பவருக்குப் பணிய பாஷையில் 'பசிக்குதா?' என்று கேட்கக்கூடத் தெரியாது. முதல் ஆளை வெளியே நிறுத்திவிட்டு இரண்டாவது ஆளை உள்ளே விடுகிறோம்.

என்னைக் கேட்டால், டிப்ளமாவையே கூடலூருக்குக் கொண்டுபோய், தமிழும் பணிய பாஷையுமாக நடத்தலாம். நூறு மார்க்கில் இருபதை அந்தப் பாஷையில் குழந்தைகளோடு பேசிக் காட்டுவதற்கு ஒதுக்கலாம். மார்க் போட யார்? அந்த ஊர்ப் பாட்டிதான்!